இருட்டில் பூனை, மாட்டின் கண்கள் மின்னுகின்றன. மனிதக் கண் ஏன் மின்னுவதில்லை?

மனிதக் கண்ணும் மின்னும். பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஆட்களின் கண் சிவப்பாக விழுகிறதே, அது கண்ணுக்குள் போய்த் திரும்பி வந்த ஒளிதான். பூனை, மாடு அளவுக்குப் பளிச்சென்று இல்லை, அவ்வளவுதான்.

பூனை, மாடு போன்றவற்றின் கண் தானாக ஒளி விடாது. பொட்டு வெளிச்சம்கூட இல்லாத அறையில் பூனையின் கண் தெரியவே தெரியாது. மாடு, ஆடு, நாய், பூனை, மான், முதலை இவற்றுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் டேப்பிட்டம் லூசிடம் என்ற பளபளப்பான அடுக்கு இருக்கிறது. விழித்திரை தவறவிட்ட ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே அனுப்பும். மங்கலான வெளிச்சத்தில் அந்த இரண்டாவது வாய்ப்பு பெரிய உதவி. அதற்கும் பிடிபடாமல் மிஞ்சுவதுதான் கண்ணின் பாப்பா, அதாவது கண் நடுவில் இருக்கும் கருந்துளை வழியாக வெளியே வருகிறது.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இந்தப் பாடம் வரும்போது கறிக்கடையில் ஆட்டுக்கண் வாங்கி வந்து மாணவர்கள் முன்னால் வெட்டிக் காட்டுவேன். குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டால் விழித்திரை வெளுத்த சவ்வாகத் தெரியும். அதை மெல்ல ஒதுக்கினால், பின்னால் மயில்கழுத்துப் பட்டின் நிறத்தில் ஒரு பரப்பு. சாயம் ஏதும் இல்லை. நெருக்கமாக அடுக்கிய கொலாஜன் நார்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. பூனையிலும் நாயிலும் நார்களுக்குப் பதில், செல்களுக்குள் நுண்ணிய குச்சிகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் இந்த அடுக்கு கண்ணின் மேல்பாதியில்தான் இருக்கிறது. இருண்ட தரையிலிருந்து வரும் ஒளி விழுவது அங்கேதானே!

நமக்கு அந்த அடுக்கு இல்லை. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கருநிறமி பெரும்பகுதி ஒளியை உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சுவது ரத்தக்குழாய்கள் நிறைந்த பரப்பில் பட்டுத் திரும்புவதால் சிவப்பு. நீலக்கண் பூனைகள் சிலவற்றுக்கும் கண் சிவப்பாக மின்னுவதைக் கவனித்திருக்கலாம். அவற்றிலும் இந்த அடுக்கு சரியாக அமைந்திருக்காது.

சரி, அந்தச் சிவப்பு ஏன் சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணுக்குள் போன ஒளி வந்த வழியே திரும்பும். விளக்குக்குப் பக்கத்தில் கண் வைத்திருப்பவருக்குத்தான் அது தெரியும். டார்ச்சை இடுப்பருகே பிடித்துத் தோட்டத்தைப் பாருங்கள், அப்புறம் நெற்றிப்பொட்டருகே பிடித்துப் பாருங்கள். இரண்டாவது முறை புல்லுக்குள் சிலந்திகளின் கண்கள்கூட மினுக்கும். தேவாங்கு கணக்கெடுப்பவர்கள் தலைவிளக்கு மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கிளைகளுக்குள் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் தேவாங்கு. குரங்கினத்துக்குச் சொந்தம்தான், ஆனால் அதற்கு அந்த அடுக்கு உண்டு.

மனிதக் கண்ணுக்குள் பார்க்கக் குனிந்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். 1851-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால், விளக்கின் ஒளியைத் தன் பார்வைக் கோட்டிலேயே உள்ளே அனுப்பினார். திரும்பி வந்த ஒளியில் உயிருள்ள மனிதரின் விழித்திரை தெரிந்தது. இன்று கண் மருத்துவர் கையில் இருக்கும் ஆப்தால்மோஸ்கோப்பின் தொடக்கம் அதுதான்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைக் கவனியுங்கள். பிளாஷ் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், குழந்தை பக்கவாட்டில் பார்த்ததால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டிருக்கலாம். ஆனால் கண்புரையோ, ஐந்து வயதுக்குள் அதிகம் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயோ கூட அப்படிக் காட்டும். புற்றாக இருந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் உயிரும் பார்வையும் இருக்கிறது. அடுத்த படத்தில் சரியாக வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்து உள்ளே பார்த்துச் சொல்லிவிடுவார்.