கொலம்பைன் டைரிகளை ஆய்வுக்கு எடுப்பது பற்றி

டர்பனில் உளவியல் முதுகலை படிப்பதாகவும், 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடத்திய இரண்டு மாணவர்களின் டைரிகளை வைத்து ‘ஆபத்தான மாணவன்’ அடையாளப் பட்டியல் ஒன்று தயாரிக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. பட்டியலை விட்டுவிடுங்கள். அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித்துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையே அப்படியொரு பொது அச்சு கிடையாது என்கிறது. தனிமை, வீடியோ கேம் என்று அடுக்கினால் உங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பாதிப் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள்!

அதே அறிக்கையில் வேறொன்று இருக்கிறது: பெரும்பாலான தாக்குதல்களில் யாரோ ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரியும், அநேகமாகக் கூடப்படிக்கும் பிள்ளைக்கு. தாக்கியவன் யாரிடம் சொன்னான், கேட்டவர் ஏன் சும்மா இருந்தார்? அங்கே தோண்டுங்கள்.

டைரிகளுக்கு வருவோம். அந்த இருவர் எழுதியதும் ஒரே மாதிரி இல்லை. ஒருவனிடம் பக்கமெல்லாம் பிறர்மேல் வெறுப்பு. மற்றவன் தன் சாவை நினைத்தே புலம்புகிறான். உளவியலாளர் பீட்டர் லாங்மன் இருவரையும் வேறு வேறு வகையில்தான் வைக்கிறார். நாலு பேர் பார்க்கட்டும் என்று எழுதியதும் அதில் கலந்திருக்கும், வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் தென்னாப்பிரிக்க ஒப்பீட்டுக்கு 2008 குரூகர்ஸ்டார்ப் பள்ளி வாள் தாக்குதல் உண்டு. ஆனால் அதில் துப்பாக்கி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், கொலையாளிகளின் பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள். அந்தப் புகழுக்குத்தான் அடுத்தவன் அலைகிறான். ராத்திரியில் மட்டும் வாசிக்க வேண்டாம், சரியா?