கடலோரத்துப் பள்ளி பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் ஊருக்கும் உதவ, மேலாண்மைக் குழு எதில் கைவைக்க வேண்டும்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் எங்கள் ஊர். ஆண்கள் வடகடலுக்கு மீனுக்கும், பெண்கள் தென்கடலுக்குக் கடற்பாசி எடுக்கவும் போகிறவர்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்:

கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதில் முதலில் கைவையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெற்றோர் எப்போது கரையில் இருக்கிறார்கள்? விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்தால் விசைப்படகு ஆட்கள் வருவார்கள், நாட்டுப்படகுக்காரர் கடலில் இருப்பார். பாசிக்குப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள். அந்த நாட்களில் பகலில் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். பள்ளிவாசல் உள்ள ஊரென்றால் வெள்ளி மதியம் ஆகாது, தேவாலயம் உள்ள ஊரென்றால் ஞாயிறு காலை ஆகாது. இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மாதத்தில் மூன்று நான்கு மாலைதான் மிஞ்சும். அதில் ஒன்றைப் பிடியுங்கள். மேலிடத்திலிருந்து ஒரு தேதி வந்தால் அன்றைக்கு ஒரு கூட்டம் பதிவேட்டுக்காக நடக்கட்டும், ஆள் வரும் கூட்டத்தைத் தனியாக வையுங்கள்.

அடுத்து வருகைப் பதிவேடு. தலைமையாசிரியரிடம் கேட்டு 6, 7, 8-ஆம் வகுப்புகளின் மூன்று மாதப் பதிவேட்டை எடுங்கள். பக்கத்தில் ஒரு மாத நாட்காட்டியை வைத்து, ஐந்து பேருக்கு மேல் வராத நாளை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியைச் சுற்றி விழும் வட்டங்களில் பெண் பிள்ளைகளின் பெயர் இருந்தால், அம்மா பாசிக்குப் போன வீட்டில் தம்பி தங்கையை வைத்துக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம். படகு கரை சேரும் செவ்வாய், வியாழன் காலைகளில் 7, 8-ஆம் வகுப்புப் பையன்கள் விடுபட்டிருந்தால், மீன் தரம் பிரிக்கவும் ஐஸ் பெட்டி தூக்கவும் போயிருக்கிறார்கள். ஒரே பையன் தொடர்ந்து இரண்டு வாரம் இல்லையென்றால் அது வேறு கதை. அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருக்கலாம், படகுக் கடன் நெருக்கியிருக்கலாம்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. "பிள்ளையை ஒழுங்காப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்று மைக்கில் சொல்வது எதற்குமே மருந்தல்ல. முதலாவதற்கு, அங்கன்வாடி பாசி நாட்களில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பாருங்கள். அம்மா புறப்பட்டபின் திறந்தால் அந்த இடைவெளியை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரைதான். தம்பி பள்ளியில் சாப்பிட்டுவிடுவான், ஆறாம் வகுப்பு அக்காவுக்குக் கிடையாது. அவள் வீட்டில் உலை வைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்றால் முதல் பாடவேளை போய்விடும். இரண்டாவதில், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு கைகொடுப்பதை 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது, சம்பள வேலைக்கு நிறுத்துவதை அனுமதிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மீனவர் சங்கத்தில் வைத்துப் பேச வேண்டும், வகுப்பறையில் அல்ல. மூன்றாவதற்கு ஆள் போக வேண்டும். அந்த வீட்டுக்கு அந்த வாரமே போக வேண்டும். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி ஆசிரியர் எண்ணிக்கை. ஊர்க்காரர்கள் கோபப்படுவது இதில், ஆனால் கணக்குப் பார்ப்பதில்லை. தொடக்கப் பிரிவில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பிள்ளை இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம். ஆகவே 59 பிள்ளையோடு நிற்கிற பள்ளிக்கு இன்னும் இரண்டு பிள்ளை என்பது ஓர் ஆசிரியர். இரண்டே பேர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போனால், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துச் சமாளிப்பார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை என்று அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

பிள்ளை சேர்க்க உங்களுக்கு வாய்த்த காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், வலையும் இஞ்சினும் பார்த்துக்கொண்டு பேசக் கொள்ள நேரத்தோடு இருப்பார்கள். தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்து ஆள் பிடிப்பதும் அதே மாதங்களில்தான். வீடு வீடாகப் போகும்போது சொல்ல வேண்டிய ஒரு சரக்கு உண்டு: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல், மீன்வளம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இந்த ஆறாம் வகுப்புக் கணக்கைத்தான் பார்க்கின்றன. ஏழாம் வகுப்பில் ஆசைக்குத் தனியாரில் போட்டுவிட்டு ஒன்பதில் திரும்பி வருகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்பதும் சட்டம். பதநீர்ப் பருவத்துக்குச் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் போய்த் தங்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

தண்ணீருக்கு வருவோம். நம் கரையில் பள்ளியைக் கெடுப்பதில் பாதி உப்புத் தண்ணீர்தான். 120 பிள்ளை படிக்கிற பள்ளி என்று வையுங்கள். குடிக்க, சமைக்க, தட்டுக் கழுவ ஆளுக்கு 5 லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் நாளுக்கு 600 லிட்டர். காவிரிக் கூட்டுக்குடிநீர் முறை தவறி வரும் என்பதால் மூன்று நாள் இருப்பு வேண்டும், 2,000 லிட்டர்த் தொட்டி ஒன்று. கழிப்பறைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் போதும், அதற்கு வேறு தொட்டி, வேறு குழாய். இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். ஒரு மோட்டார் பழுதானதும் பிளம்பர் "தற்காலிகமா" ஓர் இணைப்புக் கொடுப்பார், அந்தத் தற்காலிகம் வருடக்கணக்கில் நிற்கும், உப்பு நீர் குடிநீர்த் தொட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. சத்துணவுக்கூடத்துக் குழாயிலும் பிடித்துப் பாருங்கள். மீட்டர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்: கடின நீரில் பருப்பு வேகாது. மஞ்சள் தண்ணீரில் பருப்பு முழுசு முழுசாக மிதக்கிற சாம்பார் வந்தால் சமையல் அக்காவைத் திட்டாதீர்கள், தொட்டியைப் போய்ப் பாருங்கள். சோடாமாவு போட்டு வேக வைக்கிறார்களென்றால் அதுவும் அதே நோய்தான்.

சத்துணவு அரிசி அளவையும் சொல்லிவிடுகிறேன்: 1 முதல் 5 வரை ஆளுக்கு 100 கிராம், அதற்கு மேல் 150. சின்னவர் 80, பெரியவர் 40 வந்த நாளில் 8 கிலோவும் 6 கிலோவும், மொத்தம் 14. வருகைப் பதிவேட்டையும் அரிசி இருப்புப் புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் போதும், யாரையும் சந்தேகக் கண்ணோடு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள், சவ்வு வழியாக உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கித் தருவார்கள். வாங்கும் முன் வருடப் பராமரிப்புக்கு யார் பணம் என்று எழுதி வாங்குங்கள். கோடை விடுமுறையில் ஓடாமல் கிடந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும். ஜூனில் திறந்தால் சொட்டாது. அது கழிக்கிற நீரை வேப்பமரத்தடியில் விடாதீர்கள், முன்னிருந்ததை விட உப்பான தண்ணீர் அது. கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியது கூரையின் அடிப்பக்கம். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி பூச்சைத் தள்ளும். கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை, கம்பால் தட்டினால் பொக்கென்று சத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த அறையைப் பூட்டிவிட்டுப் பொறியாளருக்கு எழுதுங்கள். மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பதுதான் வழக்கம், அதைவிட ஆபத்தானது இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

புதுக் கட்டடம் எழும்புகிறதா, வேலை நடக்கும்போதே நில்லுங்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும், கலவையின் வலிமைத் தரம் எம்-30-க்குக் குறையக்கூடாது. உள்ளூரில் கட்டுகிற வீட்டுக்கு 20 மில்லிமீட்டர் வைத்துப் பழகிய கை இங்கேயும் அதையே வைக்கும். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை ஓர் அளவுகோலால் அளந்தாலே தெரிந்துவிடும். கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அதாவது பள்ளி வளாகத்து ஆழ்துளை நீரைச் சோதிக்காமல் எடுக்கக்கூடாது. சன்னலுக்கு இரும்புச் சட்டம் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள், கேட்டால் சில சமயம் நடக்கிறது.

ஆசிரியர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருந்தாலே பாதி மனம் ஊரில் தங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு அவர்களை இழுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டுக் கொடுத்தனுப்பாதீர்கள். அதற்குப் பதில் ஊரில் ஒரு பெரியவரை வகுப்புக்கு அனுப்புங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பாடம் நடக்கும்போது வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் நான்கு காற்றையும் சொன்னால் மூன்றாம் வகுப்புக்குத் திசை மறக்காது, வெளியூர் டீச்சருக்கும் பிள்ளைகள் பேசுவது புரியத் தொடங்கும்.

புயல் காலத்தில் பள்ளிதான் முகாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் பிறப்பதற்குள் மூன்று காரியம்: சாவி இரண்டு பேரிடம், அதில் ஒருவர் உள்ளூர்க்காரர். பதிவேடுகளும் கணினியும் தரையிலிருந்து இடுப்பளவுக்கு மேல். எச்சரிக்கை வந்த அன்றே தொட்டி நிரம்ப வேண்டும், மறுநாள் மின்சாரம் இருக்காது. 1,000 லிட்டருக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம். கடல் காற்றில் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், புது மூட்டையாக வாங்குங்கள். முகாம் கலைந்தபின் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து தரும் பொறுப்பு ஊராட்சியுடையது என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளி திறந்த வாரமே பிள்ளைகள் வேலிப்பக்கம் ஒதுங்கும்.

கடைசியாக, எந்தக் காகிதம் எந்தக் கதவுக்கு. ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர் சம்பந்தப்பட்டது வட்டாரக் கல்வி அலுவலருக்கு, கட்டடமும் தண்ணீரும் சத்துணவும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. கூரை ஒழுகுவதைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அங்கேயே கிடக்கும். தீர்மானத்தையும் "பள்ளிக்கு அடிப்படை வசதி செய்து தருமாறு" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "கிழக்குக் கட்டடம், 4-ஆம் வகுப்பு அறை, கூரையின் அடிப்பக்கம் நீளவாக்கில் 2 மீட்டர் விரிசல், கம்பி வெளியே தெரிகிறது, அறை இன்று முதல் பூட்டப்பட்டுள்ளது, 28 மாணவர் வராந்தாவில் அமர்கின்றனர், பொறியாளர் 15 நாளில் ஆய்வு செய்யக் கோரப்படுகிறது." கூடவே அளவுகோல் வைத்து எடுத்த படம். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் ஏற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மே 1 தடைக்காலத்துக்குள் விழுகிறது, கூட்டம் நிறைய வரும். அலுவலகத்தில் கொடுக்கும்போது இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.