மடக்குக் கத்தி விரல்மேல் மூடிக்கொண்டது பற்றி

நண்பருக்கு வணக்கம். ஏற்காட்டில் மிளகுக்கொடி கட்டிய கயிற்றை அறுக்கையில் கத்தி மடங்கி ஆள்காட்டி விரலை வெட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் விவரித்த கத்தியில் அலகை நிறுத்துவது பிடியின் முதுகிலுள்ள வில் (ஸ்பிரிங்) மட்டுமே. அது பூட்டு அன்று, ஆகவே நுனியால் குத்தித் திருகினாலோ அலகின் முதுகில் அழுத்தம் பட்டாலோ மடங்கத்தான் செய்யும். 1955-இல் ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி நிறுவனம் கொண்டுவந்த வளையப் பூட்டைப் போல, திறந்தபின் அலகைப் பூட்டி நிறுத்தும் கத்தியையே வாங்குங்கள். பிடியில் நான்கு விரல்களும் முழுமையாக அமர்கின்றனவா என்பதையும், நனைந்த கை முன்னோக்கி வழுக்கினால் ஆள்காட்டி விரலைத் தடுக்க அலகருகே ஒரு மேடோ பள்ளமோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மினுமினுக்கும் வழுவழுப்பான பிடி கடையின் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் அழகு. மரப்பிடி நன்றாகப் பிடிபடும். ஆனால் சேர்வராயன் மலை மழையில் ஈரம் ஊறி உப்பினால் அலகைத் திறப்பதே சிரமமாகிவிடும்.