ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பற்றி, ஹென்றி கிங் இயக்கி 1939இல் வெளிவந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். ரயில் கம்பெனியின் ஆள் வீட்டுக்குள் குண்டு வீசித் தாயைக் கொன்ற பிறகே ஜெஸ்ஸி கொள்ளைக்காரனாகிறான். கடைசிவரை என் மனம் அவன் பக்கமே இருந்தது. ஊர் தவறாகப் புரிந்துகொண்ட ஒருவனுக்குச் சினிமா நியாயம் செய்திருக்கிறது என்று சொல்லலாமா?

ர

அன்புள்ள ர,

அந்தத் தாய் சாகவில்லை. மிசௌரியில் கியர்னி என்ற ஊருக்கு அருகே இருந்த அவர்களுடைய பண்ணைவீட்டுக்குள் 1875 ஜனவரியில் ஓர் இரவு பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் தீக்குண்டை எறிந்தது உண்மைதான். அதில் இறந்தவன் தாயின் மறுமணத்தில் பிறந்த சிறுவன் ஆர்ச்சி. தாய் ஸெரெல்டா வலது கையை இழந்தார். ஆனால் அதன்பின் 36 ஆண்டுகள் உயிரோடிருந்தார். பண்ணையிலிருந்த மகனின் கல்லறையைக் காண வந்தவர்களிடம் கட்டணம் வாங்கிச் சுற்றிக்காட்டிக்கொண்டு, 1911இல்தான் காலமானார்.

இதைவிடப் பெரிய மாற்றம் காலவரிசையில் இருக்கிறது. 1869 டிசம்பரிலேயே கலட்டின் என்ற ஊரின் வங்கியில் காசாளர் ஒருவர், வேறொருவர் என்று தவறாக எண்ணப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஜெஸ்ஸியின் பெயர் பரவலாக அடிபடத் தொடங்கியது அந்தக் கொலையால்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து விழுந்த குண்டைப் படம் முன்னால் நகர்த்திக் காரணமாக ஆக்கிவிடுகிறது.

அப்படியானால் உண்மையான காரணம் எது? அது அடிமைமுறையைக் கைவிட மறுத்துப் பிரிந்த தென்மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜேம்ஸ் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஜெஸ்ஸி 1864இல், 16 வயதில், தென்மாநிலங்களுக்காகப் போரிட்ட ‘பிளடி பில்’ ஆண்டர்சனின் கெரில்லாக் கும்பலில் சேர்ந்தான். அந்தக் கும்பல்தான் அவ்வாண்டு செப்டம்பரில் சென்ட்ராலியாவில் ரயிலை நிறுத்தி, ஆயுதமில்லாமல் வந்த இருபதுக்கும் மேற்பட்ட வடபுலச் சிப்பாய்களை இறக்கிச் சுட்டுக் கொன்றது. படத்திலோ எல்லாம் ரயில் கம்பெனியின் ஆள் ஏழை விவசாயிகளை மிரட்டி அடிமாட்டு விலைக்கு நிலத்தை எழுதி வாங்குவதிலிருந்து தொடங்குகிறது. 1930களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் வங்கிகளிடம் பண்ணைகளைப் பறிகொடுத்த ஒரு தலைமுறை, திரையில் யாரை வில்லனாகப் பார்க்க விரும்பியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவன் ரயில்வேயை எதிர்த்த உழவனாக மாறியது அவ்வாறுதான்.

இத்தனைக்கும் நடுவே, இரவில் ஓடும் ரயிலின் கூரைமீது, ஜெஸ்ஸியாக நடித்த டைரோன் பவர் நடந்துசெல்லும் காட்சியை நான் இன்றும் ரசிக்கிறேன். மேலே கருநீல வானத்தில் ஒற்றை நிழலுரு. கீழே விளக்கெரியும் ஜன்னல்களில், எதுவும் அறியாமல் உட்கார்ந்திருக்கும் பயணிகள். பிறகு அவர்களிடம் பறித்துக்கொண்டே, இழந்த பணத்துக்கு ரயில் கம்பெனிமீது வழக்குப் போடும்படி ஜெஸ்ஸி ஆலோசனையும் சொல்கிறான். 1873 ஜூலையில் அயோவாவின் அடேர் அருகே ஜெஸ்ஸியின் கும்பல் உண்மையில் ரயிலை மறித்த விதம் வேறு: தண்டவாளத்தைப் பெயர்த்து வைத்தார்கள், எஞ்சின் கவிழ்ந்து ஓட்டுநர் இறந்தார்.

‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவன்’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது வேறொரு காரணத்தால். கான்சஸ் சிட்டியில் பத்திரிகையாசிரியராக இருந்த ஜான் நியூமன் எட்வர்ட்ஸ், தென்தரப்பில் போரிட்டவர். 1872இலேயே இக்கொள்ளையர்களை வீரயுகத்து மாவீரர்களோடு ஒப்பிட்டு எழுதத் தொடங்கிவிட்டார். ஜெஸ்ஸியும் தான் நிரபராதி என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினான். தன் மகனுக்கு வைத்த பெயரில் எட்வர்ட்ஸின் பெயரையும் சேர்த்தான். தன் உருவத்தைத் தானே கவனமாகச் செதுக்கிக்கொண்ட மனிதன் அவன். படத்தில் ஹென்றி ஹல் நடிக்கும் பத்திரிகையாசிரியர் நகைச்சுவைக்காக வருவதுபோலத் தோன்றும், ஆனால் கல்லறையருகே கடைசிச் சொற்பொழிவு அவருக்கே தரப்பட்டிருக்கிறது. படத்தை எடுத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்த இடத்தில் மட்டும் படம் வரலாற்றுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

1882 ஏப்ரலில் ஜெஸ்ஸி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவனோடு சேர்ந்து கொள்ளையடித்துவந்த அண்ணன் ஃபிராங்க் மிசௌரி ஆளுநரிடம் சரணடைந்தான். கொலை வழக்கில் அவனை 1883இல் விசாரித்த ஊர், அந்த வங்கிக் காசாளர் கொல்லப்பட்ட அதே கலட்டின். அங்கிருந்த ஜூரி அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது.