குலை நோய்ப் பூஞ்சையின் நொதிகள்: கேள்வி பதில்

பயிரைத் தாக்கும் பூஞ்சைகளின் நொதிகள், அவற்றின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் புரதப் படிகங்களோடு வேலை செய்பவள். ஏக்கருக்கு எத்தனை கிராம் மருந்து என்று கேட்டால் உங்கள் ஊர் வேளாண் அலுவலரைத்தான் கை காட்டுவேன்.

நெல் விவசாயி, தஞ்சை மாவட்டம்: குலை நோய்க்கு ட்ரைசைக்லசோல் அடிக்கிறோம். இலையில் புள்ளி நிறைய விழுந்த பிறகு அடித்தால் கேட்கவே மாட்டேன் என்கிறது. மருந்து போலியா மேடம்?

போலியாகவும் இருக்கலாம், அது தனிக் கதை. ஆனால் நல்ல மருந்தே அப்படித்தான் நடந்துகொள்ளும் அண்ணா. பூஞ்சையின் வித்து இலையில் ஒட்டி முளைத்ததும் நுனியில் ஒரு குமிழ் கட்டும். அதன் பெயர் அப்ரசோரியம். குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறமியைப் பூசிக்கொண்டு, உள்ளே கிளிசராலைச் சேர்த்து, தண்ணீரை இழுத்து அழுத்தத்தை ஏற்றும். எவ்வளவு தெரியுமா? 8 மெகாபாஸ்கல் வரை. கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 40 மடங்கு! அந்த வேகத்தில் ஒரு ஊசிமுனையை இலைக்குள் இறக்கிவிடும்.

மெலனின் இல்லாவிட்டால் கிளிசரால் வெளியே கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. ட்ரைசைக்லசோல் செய்வது அதைத்தான்: மெலனின் தயாரிப்பில் வரும் ரிடக்டேஸ் என்ற நொதியை நிறுத்துகிறது. பூஞ்சையைக் கொல்வதில்லை. மருந்து கலந்த தட்டில் வளர்த்துப் பாருங்கள், வழக்கம்போலப் பரவும். கருஞ்சாம்பல் நிறத்துக்குப் பதில் செம்பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை இந்த மருந்து பெரிதாக ஒன்றும் செய்யாது. முந்திக்கொண்டு அடிக்க வேண்டிய மருந்து இது.

எம்.எஸ்.சி. மாணவி: அந்த ரிடக்டேஸின் அமைப்பைப் பார்த்துத்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்களா அக்கா?

தலைகீழாக நடந்தது. மருந்து 1970-களிலேயே வந்துவிட்டது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் நொதியின் படிக அமைப்பை வெளியிட்டது 1996-ல், 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நொதி, அதற்குத் துணை மூலக்கூறான என்.ஏ.டி.பி.எச்., ட்ரைசைக்லசோல் மூன்றும் ஒரே படிகத்தில் இருந்தன. மருந்து எங்கே உட்காருகிறது என்பது அப்போதுதான் கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது.

பள்ளி ஆசிரியர்: நொதியை எப்படிப் பிரித்தெடுக்கிறீர்கள்? பூஞ்சையை மிக்ஸியில் அரைத்தா?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் சார். இப்போது நொதிக்கான மரபணுவை மட்டும் எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவிலோ, பிக்கியா என்ற ஈஸ்ட்டிலோ போட்டுவிடுவோம், அது செய்து தரும். நிக்கல் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்வோம்.

உண்மையான தலைவலி அதற்கு அப்புறம். ஒரு மைக்ரோலிட்டர் புரதத்தோடு ஒரு மைக்ரோலிட்டர் உப்புக் கரைசலோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலந்து, கண்ணாடிச் சில்லில் சொட்டாகத் தொங்கவிட்டு மூடி வைப்போம். நீர் மெல்ல ஆவியாகும்போது படிகம் வளர வேண்டும். பெரும்பாலும் வளர்வது பழுப்புச் சகதிதான். ஏதோ மின்னுகிறதே என்று ஆசையாக ஊசியால் தொட்டால் கடக்கென்று கெட்டியாக நிற்கும். அப்படியென்றால் அது உப்புப் படிகம், குப்பையில் போடலாம். புரதப் படிகம் தொட்டால் உதிர்ந்துவிடும், பாதி அதற்குள் தண்ணீர்.

நல்ல படிகம் கிடைத்தால் நைலான் வளையத்தில் அள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எக்ஸ்-கதிரில் காட்டுவோம். நம் நாட்டில் இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம்) இதற்கென்றே ஒரு கதிர்த்தடம் இருக்கிறது. கிடைக்கும் புள்ளிகளில் கதிரின் செறிவு பதிவாகும், கட்டம் (phase, அதாவது அலை ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் வந்தது என்ற விவரம்) தொலைந்துபோகும். ஏற்கனவே தெரிந்த உறவுக்கார நொதியின் அமைப்பை வைத்தோ, செலினியம் சேர்த்த புரதத்தை வைத்தோ அதை மீட்க வேண்டும். கடைசியில் எல்லாரும் போய் நிற்பது ராமச்சந்திரன் வரைபடத்தின் முன்னால். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் படம் அது. ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டது. எந்த நாட்டு ஆய்வகத்தில் கண்ட அமைப்பானாலும் அதில் தேறியாக வேண்டும்.

மென்பொருள் வேலை செய்பவர்: புரதத்தின் வடிவத்தைக் கணினியிலேயே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகும் இந்தச் சகதி வேலை எதற்கு?

நியாயமான கேள்வி தம்பி. மடிப்பு எப்படியிருக்கும் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், பல நொதிகளுக்கு இனி தேவையில்லை. தொலைந்த கட்டத்தை மீட்கவே நாங்கள் அந்தக் கணிப்பைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆனால் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். கார்ப்ரோபமிட் என்று ஒரு குலை நோய் மருந்து. அதே மெலனின் பாதையில் சைட்டலோன் டிஹைட்ரடேஸ் என்ற நொதியைத் தடுப்பது. 2001-ல் கியூஷு வயல்களில் அது பலிக்காமல் போனது. பூஞ்சையை ஆராய்ந்தால், நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 75-ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின். ஒரே ஒரு எழுத்து மாற்றம்! நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது, மருந்துக்குத்தான் இடமில்லை. இவ்வளவு சின்ன மாற்றத்தின் விளைவைக் கணிப்பு அப்படியே காட்டிவிடும் என்று நான் நம்பமாட்டேன். மருந்தோடு படிகமாக்கிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

அதே மாணவி: க்யூட்டினேஸ் இலையின் மேல்தோலைக் கரைத்து வழிவிடுகிறது என்று படித்தோம். அதைத் தடுத்தால் நோயே வராதல்லவா?

பட்டாணியைத் தாக்கும் ஃபியூசாரியம் சொலானியின் க்யூட்டினேஸ் அமைப்பு 1992-ல் வெளிவந்தது. அதே ஆண்டு வேறொரு குழு, அந்த நொதியின் மரபணுவையே பூஞ்சையிலிருந்து நீக்கிப் பார்த்தது. பட்டாணிக்கு நோய் வழக்கம்போல வந்தது! அதற்குமுன் க்யூட்டினேஸ்தான் திறவுகோல் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, சண்டை சில வருடம் ஓடியது. என் கருத்து: அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், மரபணுவை நீக்கிப் பார்க்காமல் மருந்துக்கு இலக்கு என்று கிளம்பக் கூடாது. இன்று க்யூட்டினேஸ் வகை நொதிகளுக்குப் பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கை வெட்டும் வேலையில்தான் மவுசு.

பெயர் போடாதவர்: செடி சும்மாவா இருக்கும்?

இருக்காது. செடியின் செல் சுவரில் இருக்கும் பெக்டினை வெட்டப் பூஞ்சை பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதியை விடும், பீன்ஸ் செடி அதைப் பிடித்து நிறுத்த ஒரு தடுப்புப் புரதம் வைத்திருக்கிறது. அதன் அமைப்பு 2003-ல் வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வகை, ஃபியூசாரியத்தின் நொதியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அந்தத் தடுப்புப் புரதத்தில் லைசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தைக் குளூட்டமினாக மாற்றினால் பிடித்துக்கொள்கிறது.

அதே ஆசிரியர்: மாணவர்களுக்குக் காட்ட ஏதாவது?

புரதத் தரவு வங்கி இலவசம் சார். அதன் இணையதளத் தேடலில் 1சியூஎஸ் (1CUS) என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் அடித்தால் க்யூட்டினேஸ் வரும். வெட்டும் வேலையைச் செய்யும் அமினோ அமிலங்களான செரின் 120, ஆஸ்பார்ட்டிக் அமிலம் 175, ஹிஸ்டிடின் 188 மூன்றுக்கும் தனி நிறம் கொடுத்துச் சுழற்றச் சொல்லுங்கள். கொழுப்பை வெட்டும் லிப்பேஸ் நொதிகள் பலவற்றில் இந்த இடத்தின்மேல் ஒரு மூடி இருக்கும். இதில் செரின் மூடியில்லாமல் வெளியே தெரியும், பையன்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.