டீச்சரிடம் கேளுங்கள்: எதெல்லாம் படையெடுப்பு?

படையெடுப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஈசல் வந்தாலும் படையெடுப்பு, ரசிகர்கள் தியேட்டருக்குப் போனாலும் படையெடுப்பு என்று எழுதுகிறார்களே, சரியா டீச்சர்? (கல்லூரி மாணவி)

ஈசலுக்குச் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை, அது நம் பேச்சில் ஊறிப்போன உவமை. ஆனால் அந்தச் சொல்லின் கனத்தை மறந்துவிடக் கூடாது. தமிழ் இலக்கணம் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மண்ணாசையால் அடுத்தவன் நாட்டின் மேல் படையோடு செல்வது வஞ்சி. கோட்டையை வளைப்பது உழிஞை என்றால், உள்ளே இருந்து காப்பது நொச்சி. காப்பவனுக்கும் தனியாக ஒரு பூ இருக்கிறது பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மனிதர் விஷயத்தில் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுப் பார்ப்பேன். எதிரே இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், வந்தவர் நின்றிருப்பாரா? நிற்கமாட்டார் என்றால் அது படையெடுப்பு.

நெப்போலியனை ரஷ்யாவில் தோற்கடித்தது குளிர்தான் என்று பள்ளியில் படித்தேன். உண்மையா? (வங்கி ஊழியர்)

பாதிதான் உண்மை. இதை நான் வகுப்பில் வாயால் சொல்வதைவிடக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். ஷார்ல் மினார் என்ற ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் பொறியாளர், தமது 88-வது வயதில், 1869-ல் ஒரு படம் வெளியிட்டார். நெப்போலியன் படை போன பாதையை ஒரு பட்டையாக வரைந்து, 10,000 பேருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று அகலம் கொடுத்தார்.

1812 ஜூனில் ரஷ்ய எல்லையிலிருந்த நேமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர். பட்டையின் அகலம் நாலு சென்டிமீட்டருக்கும் மேல். மாஸ்கோ போய்ச் சேரும்போது 1,00,000 பேர், ஒரு சென்டிமீட்டர். வழியில் வேறு திசைக்குப் பிரித்து அனுப்பிய படைகளைக் கழித்தாலும், மினார் கணக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல் குறைகிறது. மாஸ்கோவுக்குள் அவர்கள் நுழைந்தது செப்டம்பர் 14-ல். அதாவது இவ்வளவும் பனிக்காலத்துக்கு முன்பே நடந்தது. வெயில், கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, டைஃபஸ் காய்ச்சல், பின்தங்கிப்போன உணவு வண்டிகள், அப்புறம் மாஸ்கோவுக்குப் போகும் வழியில் நடந்த போரடினோ போர். ரஷ்யப் படை பின்வாங்கிய வழியில் தானியம் எரிந்துபோயிருந்தது, குதிரைக்குத் தீனிகூடக் கிடைக்கவில்லை.

குளிர் தன் பங்கை எடுத்துக்கொண்டது திரும்பும் வழியில். பெரசினா ஆற்றங்கரையில் 50,000 என்ற எண், ஆற்றைக் கடந்ததும் 28,000 ஆகிறது. கடைசியில் நேமனுக்குத் திரும்பியவர்கள் 10,000 பேர். ஒரே ஒரு மில்லிமீட்டர்.

சாக்பீஸால் அவ்வளவு மெல்லிய கோடு போட வராது. முனையைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு போடுவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், மிச்ச அகலம் எங்கே போச்சு?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனை முன்னால் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதச் சொன்னேன். அன்றைக்கு முழுப் பீரியடும் அதற்கே போனது. இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு அதுதான்.

1964-ல் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு அமெரிக்கா போனதை 'பிரிட்டிஷ் படையெடுப்பு' என்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? (இசைப்பிரியர்)

மாட்டேன். பிப்ரவரி 7-ல் நியூயார்க்கில் இறங்கினார்கள், 9-ம் தேதி எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார்கள். ஏறக்குறைய 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில், அமெரிக்காவில் புகழ்பெற்ற பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடையவை. ஆனால் அந்த 7.3 கோடிப் பேரில் யார் நினைத்திருந்தாலும் டிவியை அணைத்திருக்கலாம்.

அவர்கள் கொண்டு வந்ததுதான் என்ன? சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்டு போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இன்னொரு பிரிட்டிஷ் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் தன் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பாட்டிலிருந்து எடுத்தது. கடல் தாண்டிப் போன இசை வெள்ளை முகத்தோடு திரும்பி வந்தபோது அமெரிக்கா கூடி நின்று ஆர்ப்பரித்தது. அந்த இசையைப் பெற்றெடுத்தவர்களோ, தெற்கு மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்கு அந்த ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் வரை காத்திருந்தார்கள். எனக்கு மனம் கனப்பது இங்கேதான். பீட்டில்ஸ் அதே ஆண்டு தெற்கு மாநிலமான ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், இனம் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தால் பாடமாட்டோம் என்றார்கள். அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

தமிழில் பிறமொழிச் சொற்கள் நுழைவதும் படையெடுப்புதானே? (தமிழாசிரியர்)

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியம் தந்தவை. பீரங்கியோடு வந்தவர்களின் சொற்கள் என்றாலும், அவற்றை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டவர்கள் பேசிய மக்கள்தான். சாளரம் வழக்கொழிந்ததில் உங்களைப் போலவே எனக்கும் வருத்தம் உண்டு ஐயா. ஆனால் நான் படையெடுப்பு என்று சொல்வது வேறொன்றை. 19-ம் நூற்றாண்டில், பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், ஆங்கிலம் பேசாமல் தாய்மொழியான வெல்ஷில் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்துப் பேசுகிற பிள்ளைக்கு அது மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அடி. ஒரு ஆசிரியையாக இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவை முயல்கள் பிடித்துக்கொண்ட கதை? (பத்தாம் வகுப்பு மாணவர்)

முயலைக் குற்றம் சொல்லாதே, தம்பி. வேட்டையாட வேண்டும் என்று 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் விக்டோரியாவில் தம் பண்ணைக்கு 24 முயல்கள் போல வரவழைத்தார். அவை பெருகிப் பரவின. தடுப்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் 3,200 கிலோமீட்டருக்கும் மேல் வேலி போட்டு 1907-ல் முடித்தார்கள். அதற்குள் முயல்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தன.

அகதிகள் கூட்டமாக வருவதைப் 'படையெடுப்பு' என்று அரசியல்வாதிகள் பேசுகிறார்களே? (வாசகி)

அம்மா, எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். 1974-ல் ஐ.நா. பொதுச்சபை ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று வரையறுத்தது. படையெடுப்பு என்று அது குறிப்பிடுவது ஒரு நாட்டின் ஆயுதப் படை இன்னொரு நாட்டுக்குள் நுழைவதை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லையில் வரிசையில் நிற்கும் தாய் அதில் எங்கே வருகிறாள்? அவள் பெரும்பாலும் ஒரு படைக்குத் தப்பி ஓடி வந்தவள். எத்தனை பேரை ஏற்பது, எப்படி ஏற்பது என்று ஒரு நாடு தாராளமாக விவாதிக்கட்டும், அது நியாயம். ஆனால் படையெடுப்பு என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்து யாரும் விவாதிக்கமாட்டார்கள், துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள்.

ஜப்பான் மேல் மங்கோலியர் நடத்திய படையெடுப்பைப் புயல்தான் முறியடித்ததா? (சரக்குக் கப்பல் பணியாளர்)

மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1274, 1281 என இரண்டு முறை கப்பல்களை அனுப்பினார். 1281-ல் பெரும்புயல் கடற்படையைச் சிதறடித்தது உண்மை. ஜப்பானியர் அந்தக் காற்றைக் 'காமிகாஸே', தெய்வக் காற்று, என்றார்கள். ஆனால் அதற்கு முன்பே கரையோரம் கல்மதில் கட்டி, வாரக்கணக்கில் எதிரியைக் கரையேற விடாமல் தடுத்து நிறுத்தியவர்களும் அவர்களே. தகாஷிமா தீவருகே கடலடியில் உடைந்த கப்பல்களையும் நங்கூரங்களையும், பீங்கான் ஓட்டால் செய்த வெடிகுண்டுகளையும்கூட எடுத்திருக்கிறார்கள்.

கப்பல்காரர் நீங்கள், அதனால் இதையும் சொல்கிறேன். 1281-ல் அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் மங்கோலியர் அல்லர். கொரியர்களும் தென்சீனர்களும். கொரியா அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் மங்கோலியருக்குப் பணிந்திருந்தது. தென்சீனத்தின் சோங் அரசு வீழ்ந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது.