பர்மா போன பெரிய தாத்தாவின் பெயர் எங்கே இருக்கும்?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் தாத்தாவின் அண்ணன் 20 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை. வீட்டில் இருப்பது ஒரு பதக்கமும் பழைய தபால் உறையும் மட்டுமே. அவருக்கு நினைவிடம் உண்டா? (வாசகி, செய்யாறு)

பதக்கத்தின் விளிம்பை முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் படை எண், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் மூன்றும் பொறித்திருப்பார்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்புறத்தில் இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பல வீடுகளில் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் துலக்கித் துலக்கியே எண் அழிந்துபோயிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய தடயங்களில் மிக உறுதியானது அந்த எண்தான். உறையில் ராணுவக் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதி முத்திரையும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அவர் எந்தப் பகுதியில் இருந்தார் என்று அதை வைத்துக் கணிக்கலாம்.

அடுத்து, இரு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கட்டணம் இல்லை. முழுப்பெயரைத் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'சாமி' என்ற முடிவுக்கு மட்டும் நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு: டபிள்யூ சேரும், சேராது, கடைசியில் ஐ வரும், ஒய் வரும். சுப்பிரமணியத்தில் யூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓ இருக்கலாம். ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள். முன்னெழுத்தைக் காலியாக விடுங்கள். படை 'இந்திய ராணுவம்', போர் 'இரண்டாம் உலகப் போர்' என்று வரம்பிடுங்கள். கூடுதல் தகவல் கட்டத்தில் ஊரைப் போட்டும் தேடலாம். இன்னார் மகன், இன்ன ஊர், இன்னார் கணவர் என்ற குறிப்பு பல பதிவுகளில் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயர் அன்றைய வழக்கில் இருக்கும்: தஞ்சாவூர் 'டான்ஜோர்', திருநெல்வேலி 'டின்னவேலி', திருச்சி 'டிரிச்சினாபோலி'. உங்கள் செய்யாறு அப்போது வட ஆற்காடு மாவட்டம். 'நார்த் ஆர்காட்' என்று தேடுங்கள். வயது பதிவாகாத இந்திய வீரர்கள் ஏராளம். அதனால் வயதை வைத்து யாரையும் கழித்துவிடாதீர்கள்.

பதிவு கிடைத்தால் நினைவுச்சின்னத்தின் பெயரும் அதில் எந்தப் பலகை என்பதும் வரும். இந்திய ராணுவத்தில் பர்மாவில் இறந்து, கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் யாங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்துத் தூண்களில் இருக்கின்றன. மற்ற காமன்வெல்த் வீரர்களையும் சேர்த்து அதில் ஏறத்தாழ 27,000 பேர். ஆனால் வீட்டில் 'பர்மா சண்டை' என்று சொல்வது 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த போராகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் பெயர் மணிப்பூரிலோ நாகாலாந்திலோ இருக்கலாம், அங்கே போகக் கடவுச்சீட்டு தேவையில்லை. மலேயாவில் 1942இல் சிறைப்பட்டவரானால் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தோடு நிறுத்தாதீர்கள். ஜப்பானியர் பல இந்தியக் கைதிகளை நியூ கினிப் பக்கம் கப்பலேற்றினார்கள். லே, ரபவுல் கல்லறைத் தோட்டங்களையும் பாருங்கள்.

எங்கள் வீட்டு வீரரின் பதிவைத் தேடிப் பிடித்துவிட்டோம். ஆனால் கல்லறை இல்லை, தகன நினைவுச்சின்னம் என்று போட்டிருக்கிறது. அஸ்தியைக் கொண்டுவர முடியுமா? (வாசகர், குடியாத்தம்)

முடியாது. இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் போர்க்களத்துக்கு அருகிலேயே எரிக்கப்பட்டன; தனியாக எடுத்துவைத்த அஸ்தி என்று ஒன்று இல்லை. அதனால்தான் பெயர்களை ஒரே இடத்தில் பொறித்தார்கள். இத்தாலியில் மிக்னானோ அருகே 24 ஜூன் 1944 அன்று கண்ணிவெடி மேல் விழுந்து தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றிய மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர். அவருக்கும் அங்கே தனிக் கல்லறை இல்லை. புதைக்கப்பட்டவர்களின் உடலையும் தாய்நாட்டுக்கு அனுப்புவதில்லை என்பது முதல் உலகப் போரிலிருந்தே ஆணையத்தின் விதி. பிரிட்டிஷ் பிரபு வீட்டு மகனுக்கும் அதேதான். பெயர் பொறித்த அந்த இடத்தையே அவர் இடமாகக் கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

நேரில் போனால் பூ வைக்கலாம். எண்ணெய், மஞ்சள், குங்குமம், பால் எதுவும் கல்லில் படக் கூடாது. கல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கறை போகாது. பக்கத்தில் இருப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயர். படத்தைக் காலையிலோ மாலையிலோ எடுங்கள். உச்சி வெயிலில் பொறித்த எழுத்தில் நிழல் விழாது, படத்தில் பெயர் தெரியாது.

பெயர் தவறாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு உறவினரின் பெயர் பட்டியலிலேயே இல்லை. என்ன செய்வது? (வாசகர், திருப்பத்தூர்)

இரண்டுக்கும் ஆணையத்துக்கு எழுதலாம், எழுதத்தான் வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் ஆணையமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

ஆனால் 'எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம்' என்பது போதாது. அந்தக் காலத்து ஆவணம் வேண்டும்: படைப் பதிவேடு, மரணத் தந்தி, விதவை ஓய்வூதியத் தாள், அலுவலகக் கடிதம். இல்லையென்றால் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றோடு உறவுமுறைச் சான்றையும் இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். வெறும் பெயரோடு போகும் கடிதத்தை வைத்து அவர்களால் தேட முடியாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

இறந்த தேதியும் முக்கியம். ஆணையம் கணக்கில் எடுக்கும் காலம் இதுதான்: முதல் போருக்கு 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, இரண்டாம் போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. காயத்தோடு ஊர் திரும்பி இந்தக் காலத்துக்குள் இறந்தவரையும் சேர்க்கக் கேட்கலாம். மரணத்துக்குக் காரணம் போர்ப் பணிதான் என்று காட்ட வேண்டும்.

சயாம் ரயில் பாதையில் என் பாட்டனார் இறந்தார். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் இருக்குமா? (வாசகர், ஈப்போ)

போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட அந்தப் பாதைக்கு மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து கூலியாகக் கொண்டுபோகப்பட்டவரானால் இருக்காது. அங்கே இருப்பவர்கள் காமன்வெல்த், டச்சுப் போர்க்கைதிகள். தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தும் அவர்களுக்கு அப்படியொரு பெயர்ப் பட்டியல் கிடையாது. இது பெரிய அநியாயம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தோட்டம், முகாம், கூடப் போனவர்கள் பெயர் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள்.

1987இல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்து இறந்த எங்கள் சித்தப்பா பெயர் இந்தியா கேட்டில் இருக்கிறதா? (வாசகி, வேலூர்)

இல்லை. 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டில் முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள்தான். உங்கள் சித்தப்பா பெயர் அதன் அருகே 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், பெயர்ச் சுவர்கள் வட்டமாக அமைந்த தியாகச் சக்கரத்தில், செங்கல் வடிவக் கருங்கல் ஒன்றில் இருக்கும். எந்தச் சுவர் என்று அங்குள்ள மின்திரையில் தேடலாம். மாலையில் அங்கே வீரரின் நெருங்கிய உறவினர் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கிறது. சித்தி வைக்க விரும்பினால், பயணச்சீட்டு எடுக்கும் முன் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.